ஏழு பேர், ஒரே குடும்பப் பெயர்

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு ஓடுவதற்குக்கூட ஒரு ஃபாரம் வேண்டியிருக்கிறது. கோடு கிழித்தோமா, மூச்சைப் பிடித்தோமா, தொட்டுவிட்டு வந்தோமா என்று விளையாடிய விளையாட்டுக்கு இன்று தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் ஸ்டாம்பு, வாட்ஸப் குரூப்பு. இரண்டு பேர் சேர்ந்து டீ குடித்தால் அதற்கும் ஒரு போட்டோ. மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த ஜெயினுலாப்தீனுக்கு இதையெல்லாம் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கூத்தைத் தொடங்கியது அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஆள் என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

மருமகள் ஃபர்ஸானாதான் அந்த ஆள். கல்யாணத்துக்கு முன்பு பக்கத்து ஏரியாவான சுனாபட்டியில் கபடி ஆடியவள். மகன் சைஃபைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுத்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பட்டறையை ஒட்டிக் கிடந்த காலி இடத்தில் பழைய டின்களைத் தள்ளிவைத்துவிட்டு, மகள் ஜுவைரியாவையும் தெருப் பெண்பிள்ளைகள் பத்துப் பேரையும் நிறுத்திக் காலைப் பிடிப்பது எப்படி என்று காட்ட ஆரம்பித்தாள். தினமும் காலை ஆறு முதல் ஏழரை வரை. அதற்குப் பிறகு அவள் கார்மெண்ட் வேலைக்கு ஓடவேண்டும்.

ஜெயினுலாப்தீன் ஒருநாள்கூட அதை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் ஐந்தரைக்கே எழுந்துபோய் அந்த இடத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். கேட்டால், தூசி பறந்தால் தோலில் படியும் என்பார்.

பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் போட்டி என்று வந்தால் ஜில்லா சங்கத்தில் சேர்ந்த கிளப்பின் பெயரில்தான் இறங்க முடியும். ரோட்டுக்கு அந்தப் பக்கத்து கிளப்பில் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு சீசன் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்து, மற்றவர்கள் பையைக் காவல் காக்கவைத்தார்கள். ஜூனியர் பிரிவில் ஆட ஜுவைரியாவுக்கு இதுதான் கடைசி வருஷம். அதனால் ஃபர்ஸானா சொந்தமாக ஒரு கிளப்பே தொடங்கிவிட்டாள். நியூ ஸ்டார் மகளிர் கபடி கிளப். பதினைந்தாம் தேதிக்குள் சங்கம் சேர்த்துக்கொண்டால் இந்த வருஷப் போட்டி. இல்லையென்றால் இல்லை.

"தலைவரா நீங்கதான் இருக்கணும், மாமா. எடம் உங்க பட்டறையச் சேந்தது" என்று ஃபாரத்தை நீட்டினாள்.

"எடமும் என் எடம், கையெழுத்தும் என் கையெழுத்து. ரெண்டையும் ஒரே நாள்ல கேக்குதியே, புள்ள."

அவருக்குக் கையெழுத்து என்றால் பயம். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. அதோடு, தாராவியை அளந்து புது வீடு கொடுக்கப் போகிறோம் என்று ஆட்கள் வீடு வீடாக வந்து பேப்பர் பார்க்கும் காலம் இது. எந்தத் தாளில் என்ன எழுதியிருக்கும், எது எப்போது வந்து கழுத்தைப் பிடிக்கும், யாருக்குத் தெரியும்? ஃபாரத்தை முதலில் மருமகளைப் படிக்கச் சொன்னார். பிறகு பக்கத்து முறுக்குப் பட்டறை நெல்லையப்பனை. அதற்கும் பிறகு மருந்துக்கடைக்காரரை. மூவரும் ஒரே மாதிரி சொன்னதால், மூவரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று ஒரு ராத்திரி யோசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் தேதி ஃபாரம் திரும்பி வந்தது.

சங்கத்தின் விதிப்படி ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு மேல் நிர்வாகிகளாக இருக்கக் கூடாதாம். இந்தக் கிளப்பிலோ ஏழு நிர்வாகிகளும் ஒரே குடும்பமாம். ஜெயினுலாப்தீன் பாறைக்குளம், ஃபர்ஸானா பாறைக்குளம், நெல்லையப்பன் பாறைக்குளம், பேராச்சி பாறைக்குளம் என்று கடைசி வரைக்கும் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் பாறைக்குளம்.

ஃபர்ஸானா படித்துக்காட்டிவிட்டு ஃபாரத்தை மாமனார் முன்னால் வைத்தாள். அந்தக் கட்டத்தில் முதன்முதலில் அந்தப் பெயரைப் போடவைத்தவர் ஜெயினுலாப்தீன்தான்.

எண்பதுகளில் நடந்தது அது. ரேஷன் கார்டுக்காகத் தெருவே வரிசையில் நின்றது. பெயர், அப்பா பெயர், மூன்றாவதாகக் குடும்பப் பெயர். நம் ஆட்களுக்கு மூன்றாவது ஏது? கட்டம் காலியாக இருந்தால் கார்டு இல்லை என்றார் குமாஸ்தா. வரிசையில் இந்தி பேசத் தெரிந்தவர் ஜெயினுலாப்தீன் ஒருவர்தான். தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். பின்னால் நின்றவரும் விழித்தபோது, இவருக்கும் அதையே போடு என்றார். அதற்குப் பின்னால் நின்றவருக்கும் அதுவே. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பாறைக்குளம் ஆகிவிட்டது. அன்றைக்கு எல்லோரும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் கார்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து ஆதாருக்கும் போய் உட்கார்ந்துகொண்டது.

மருமகள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவரும் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். அவளோ மறுநாள் காலையிலும் வழக்கம்போல ஆறு மணிக்குப் பிள்ளைகளை நிறுத்தி மூச்சுப் பிடிக்கச் சொன்னாள். வேறு ஆட்களைப் போட்டுப் பார்க்கலாமென்று தெருவில் விசாரித்தாள். சம்மதித்த எல்லோரும் பாறைக்குளம்.

பதின்மூன்றாம் தேதி ஜெயினுலாப்தீன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். நெல்லையப்பனையும், பிளாஸ்டிக் பிரிக்கும் வேலை பார்க்கும் பேராச்சியையும் கூப்பிட்டார். பேராச்சியின் மகளும் ஆடும் பிள்ளைதான். மூவரும் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் மாடியில் இருந்த சங்க ஆபீசுக்கு நடந்தே போனார்கள். ஃபர்ஸானா வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

ஆபீசில் நகுல் என்றொரு இளைஞன் இருந்தான். மரியாதையான பையன், சாச்சா என்று கூப்பிட்டு நாற்காலி போட்டான். அதனாலேயே ஜெயினுலாப்தீனுக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. உட்காராமல் நின்றபடி, நெல்லையப்பனின் விபூதியையும் பேராச்சியின் குங்குமத்தையும் தன் தொப்பியையும் வரிசையாகக் காட்டி, இது ஒரு குடும்பமாகத் தெரிகிறதா என்று இந்தியில் கேட்டார்.

நகுல் சிரித்தான். தனக்குத் தெரிகிறது, ஆனால் மேலே கமிட்டி நெற்றியைப் பார்க்காது, பேப்பரைத்தான் பார்க்கும் என்றான். ஒரு வழி இருக்கிறது. எல்லோரும் ஒரே ஊர், அதனால் ஒரே பெயர், மாமனார் மருமகள் தவிர வேறு யாரும் உறவில்லை என்று தலைவர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஜெயினுலாப்தீன் சரி என்று தலையாட்டப் போனார். பேராச்சி முந்திக்கொண்டாள்.

"என்னத்த ஒரே ஊரு? பாய் ஊரு எந்தத் தெசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. நான் தூத்துக்குடிக்காரி."

"நான் அம்பாசமுத்திரம்" என்றார் நெல்லையப்பன். "ஓய் பாய், உம்ம ஊரு பேர நாப்பது வருசமாச் சொமக்கேன், அந்த ஊருக்கு ஒரு தடவ பஸ் ஏறினதில்ல."

"அப்பவே சொல்லவேண்டியதுதான வே?"

"அப்ப எங்க வே இந்தி தெரியும்? கார்டு வந்தாப் போதும்னு இருந்தோம்."

ஃபர்ஸானா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நகுலுக்கு அவள்தான் இந்தியில் விளக்கினாள். அவன் பேனாவைக் கீழே வைத்தான். பொய்யான கடிதத்தைத் தன்னால் வாங்க முடியாது, நடந்தது எதுவோ அதைத்தான் எழுதவேண்டும் என்றான்.

நடந்ததை எழுதுவதா? இன்னின்னாருக்கு நான்தான் இல்லாத ஒரு குடும்பப் பெயரைச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதா? நாளைக்கு வீடு அளக்க வரும் ஆட்கள் கையில் அந்தத் தாள் கிடைத்தால்? பெயரே பொய் என்றால் கார்டும் பொய்தானே, கார்டு பொய் என்றால் வீடு ஏது என்று கேட்டால்? எழுத முடியாது என்று ஜெயினுலாப்தீன் தமிழில் சொன்னார். இந்தியிலும் சொன்னார்.

ஃபர்ஸானாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. ஆனால் அவள் கெஞ்சவில்லை.

"வேண்டாம், மாமா. நமக்கு வீடுதான் முக்கியம். பிள்ளைய பழையபடி அந்தக் கிளப்புலயே சேத்து விட்டுருதேன். நீங்க வாங்க, போவோம்."

சொல்லிவிட்டு நகுலிடம் நன்றி சொல்லி, மேஜையிலிருந்த ஃபாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். கல்யாணமான புதிதில், இனி ஆடவேண்டாம் என்று இந்த வீட்டில் சொன்னபோதும் அவள் இப்படித்தான் பழைய ஷூவை மடித்த துணிகளுக்கு அடியில் வைத்தாள். அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவரும் ஜெயினுலாப்தீன்தான்.

"ஏ புள்ள, அத வெளிய எடு" என்றார்.

நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நகுல் இந்தியில் எழுதினான். ஃபர்ஸானா இரண்டு முறை படித்துக்காட்டினாள். மற்ற ஆறு பேர்மேலும் குற்றமில்லை, வரிசையில் பேசியது நான் ஒருவன்தான் என்ற வரியை மட்டும் மூன்றாவது முறையும் படிக்கச் சொன்னார். பிறகு தமிழில், எழுத்து எழுத்தாக, தன் நீண்ட பெயரைப் போட்டு முடித்தார். நகுல் பொறுமையாகக் காத்திருந்தான்.

"இப்ப நீ போடு" என்றார் அவனிடம். "வாங்கிக்கிட்டேன்னு போடு. ஸ்டாம்பும் அடி. எனக்கு ஒரு காப்பி வேணும்."

அவன் எல்லாம் செய்து கொடுத்தான். இவ்வளவு கேட்டும் கோபப்படாத ஆள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று இறங்கும்போது நெல்லையப்பனிடம் சொன்னார்.

கிளப்பைச் சேர்த்துக்கொண்ட தகவல் பதினைந்தாம் தேதி மத்தியானம் வந்தது. அடுத்த மாதம் மாட்டுங்காவில் ஒரு மைதானத்தில் முதல் ஆட்டம். ஜெயினுலாப்தீன் நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிப்போய் வேலியோரம் நின்றார். ஜுவைரியா எதிர்ப்பக்கம் பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, ஒருத்தி காலைப் பிடித்தும் இழுத்துக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டாள். அவரை அறியாமல் அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றிருந்தார். நாலு புள்ளியில் தோற்றார்கள். தோற்ற பிள்ளைகள் ஃபர்ஸானாவைத் தூக்கிக்கொண்டு ஜெயித்தவர்களைவிட அதிகம் குதித்தார்கள். இதில் குதிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

நகுல் அவரைக் கண்டுபிடித்துவிட்டான். தலைவர் சாச்சா, போட்டோவுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டான். ஃபர்ஸானாவும் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"வாங்க, மாமா. நீங்க இல்லாம எப்படி?"

"ஏற்கெனவே ஒரு தாள்ல மாட்டியிருக்கேன். மூஞ்சியையும் குடுக்கணுமா?" என்றார். அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்தார். "கடைசியில அந்தப் பேராச்சி மக கொஞ்சம் பதறிட்டா. சொல்லி வையி."

திரும்பி கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பின்னால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் நிற்கவில்லை. அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருநாள் வரத்தான் போகிறார்கள். இந்த வருஷம் இல்லையென்றால் அடுத்த வருஷம். சட்டைப் பையைத் தொட்டு, ஸ்டாம்பு அடித்த காப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.