குரல் மட்டும் தொடர்கிறது

வாயாடி என்றுதான் அண்ணன் அவளுக்குப் பெயர் வைத்திருந்தான். பிறவியிலேயே காது கேளாதவன். உதட்டருகே விரல்களைப் படபடவென்று அசைத்து அந்தப் பெயரைச் சொல்வான். அவனோடு பேசிப் பேசி அவளுக்கும் கை ஓயாது.

வீடியோ அழைப்பு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. இணைப்பு பலவீனமாகும்போது படத்தின் தரத்தை எந்த அளவுக்குக் குறைப்பது என்று பார்ப்பது அவள் குழு. ரொம்ப மோசமானால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் காப்பாற்று என்பது விதி.

"கையால பேசறவங்களுக்குப் படம்தானே சார் குரல்? மங்கலா இருந்தாலும் பரவாயில்ல, கை அசையறது தெரிஞ்சா போதும்" என்று மேலாளரிடம் கேட்டாள்.

"நியாயம்தாம்மா. அடுத்த வெர்ஷன்ல பாத்துக்கலாம்."

அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது.

ஒரு மதியம் அண்ணன் அழைத்தான். வெளியூரில், செருப்புப் பட்டறை ஒன்றில் அவனுக்கு வேலை. மாடியிலேயே ஒற்றை அறை. ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடித்ததில் முகம் சரியாகத் தெரியவில்லை. இடது கையைத் தூக்கினான். என்ன சொல்ல வருகிறான் என்று புரிவதற்குள் படம் கட்டம் கட்டமாகச் சிதறி இருண்டது. 'குரல் மட்டும் தொடர்கிறது' என்றது திரை.

கை மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. 'படம் வரல, எழுது' என்று செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. வழக்கம்போல் மொட்டை மாடிக்குப் போய் மறுபடி அழைப்பான் என்று நினைத்து, கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தாள். தட்டல் நின்றது. அப்புறம் என்னவோ தொப்பென்று விழுந்தது.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டாள். "ஐயா, கொஞ்சம் மேல போய்ப் பாருங்க!"

கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள்.

"பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்ல" என்றார் மருத்துவர். "ஆனா மூளையில பேச்சு இருக்கிற இடத்துலயே அடி விழுந்திருக்கு. கையால பேசறவங்களுக்கும் அதே இடம்தான். கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா..."

வேலைக்குத் திரும்பியவளின் முகத்தை மேலாளர் பார்க்கவில்லை. "உடனே பண்ணிடலாம்மா" என்றார். படம் நிற்காதபடி அந்த மாற்றத்தை அவளே உட்கார்ந்து செய்து முடித்தாள். கையால் பேசுகிற, முன்பின் தெரியாதவர்கள் நன்றி எழுதினார்கள். அவள் படிக்காமலே மூடினாள்.

ஆறு மாதம் போல அவனைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டாள். அவன் தன் அறைக்கே போக வேண்டும் என்று அடம்பிடித்ததால் கொண்டுபோய் விட்டுவந்தாள். ஊர் திரும்பிய முதல் நாள் அழைத்தாள். பட்டறைக்காரர் போனைப் பிடித்துக்கொண்டார். இணைப்பு மோசம்தான், படம் மங்கியதே தவிர நிற்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கையால் கேட்டாள்.

அண்ணன் இடது கையைத் தூக்கினான். விரல்கள் எதையோ செய்தன; எந்தச் சொல்லும் அல்ல அது. தன் கையையே சற்று நேரம் பார்த்தான். மறுபடி முயன்றான். மறுபடியும் அதேதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"களைச்சுட்டாரும்மா. நாளைக்குப் பேசலாமா?" என்றார் பட்டறைக்காரர்.

"சரிங்கய்யா" என்றாள். இணைப்பைத் துண்டிக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.