முப்பத்தாறு கட்டங்களில் இரண்டு ஊர்

முப்பத்தாறு என்பது அந்தக் கட்டடத்தில் கதவு எண் அல்ல, ஓர் ஆள். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு கட்டம் போட்ட படிவத்தை நிரப்பாமல் எந்த லிஃப்ட்டிலும் கால் வைக்க மாட்டார் என்பதால் அந்தப் பெயர். பெண் பார்க்க வந்தபோதும் சட்டைப்பையில் அந்தப் படிவம் இருந்தது என்று அவர் வீட்டம்மா இன்றுவரை சாதிக்கிறாள். முப்பத்தைந்தில் தேறிவிட்டாளாம். ஒன்றில் மட்டும் 'சத்தம் உண்டு' என்று எழுதினாராம்.

அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் காலி செய்தாக வேண்டும். இனி பிள்ளைகளில் ஒருவரோடுதான் என்பது எப்போதோ பேசி முடிந்த விஷயம். மகள் ஓர் ஊரில், மகன் வேறோர் ஊரில். எந்த ஊர் என்பதுதான் தொங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை காலை அவர் பழைய படிவத்தை எடுத்து, 'கதவு மூடும் வேகம்' என்றிருந்ததை 'கடை மூடும் நேரம்' என்று திருத்தினார். 'அவசர மணி' என்பது 'ஆஸ்பத்திரி தூரம்' ஆயிற்று. பன்னிரண்டாம் கட்டத்தில் 'ராத்திரி வாழ்க்கை' என்று எழுதினார்.

"எட்டரைக்குக் குறட்டை விடுற மனுஷனுக்கு ராத்திரி வாழ்க்கை எதுக்குங்க?" என்றாள் வீட்டம்மா, பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே.

"பரிசோதனைன்னா முழுசா இருக்கணும். மேல் மாடியில ஆளே இல்லேன்னாலும் நான் ஏறிப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து போடுவேன்."

"அப்ப இதையும் எழுதுங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வெளியே உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிடணும். அறுபத்திநாலு வயசாச்சு, ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்ல."

எழுதிக்கொண்டார். அவருக்கு ஒரு தொழில் விதி உண்டு. கட்டடக்காரன் தன் லிஃப்ட்டைத் தேவலோகத்து வாகனம் என்றுதான் சொல்வான். அதில் பத்து சதவீதம் கழித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளும் தங்கள் ஊரைத் தூக்கிவைத்துத்தானே பேசுவார்கள்? பென்சிலைச் சீவிக்கொண்டு ஃபோனில் மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, இதெல்லாம் ஒரு ஊராப்பா? எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவாங்க. ஒன்பதுக்கு மேல நாய்கூட வாயைப் பொத்திக்கிட்டுத்தான் குரைக்கும். அம்மாவுக்குப் பொழுதே போகாது. தம்பி ஊர் ஜேஜேன்னு இருக்கும். பாட்டு, நாடகம், விடிய விடியக் கடை."

"உங்க ஊர்ல பெரிய பூங்கா இருக்கேம்மா."

"இருக்குப்பா. பெஞ்செல்லாம் ஒரே ஈரம்."

அடுத்து மகன். "இங்க மனுஷன் இருப்பானாப்பா? கீழ்த்தளத்துல டான்ஸ் கிளப், ராத்திரியெல்லாம் வீடே அதிருது. படுக்கும்போது சுவரோரம் இருக்கிற கட்டில், எழுந்திருக்கும்போது சமையலறை வாசல்ல நிக்குது. அக்கா ஊர் சொர்க்கம்ப்பா. நூலகம், பூங்கா, நல்ல காத்து."

"அம்மாவுக்கு ஐஸ்கிரீம் வேணுமாம்டா, பதினோரு மணிக்கு."

"அதெல்லாம் அக்கா ஃபிரிட்ஜ்ல வச்சிருப்பாப்பா."

கூட்டிப் பார்த்தார். மகள் தன் ஊருக்கு வாங்கித் தந்தது நூற்றுக்கு நாற்பத்தொன்று, தம்பி ஊருக்குத் தொண்ணூற்றைந்து. மகன் தன் ஊருக்கு முப்பத்தெட்டு, அக்கா ஊருக்குத் தொண்ணூற்றிரண்டு. கூட்டினால் இரண்டு ஊரும் நூற்று முப்பத்து மூன்று. கழிக்க வைத்திருந்த பத்து சதவீதத்துக்கு வேலையே இல்லை.

"நம்ம பிள்ளைங்களுக்கு என்ன நேர்மை பாரு," என்று பூரித்துப்போனார். வீட்டம்மா டேப்பை எடுத்தாள். பெட்டிக்கு டேப் ஒட்டினாள். யானையை உள்ளே வைத்தாலும் வெளியே வராத மாதிரி, சுற்றிச் சுற்றி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை சாமான்கள் லாரியில் ஏறின. கடைசியாகக் கைப்பெட்டிகள் இரண்டோடு புருஷனும் பெண்டாட்டியும் லிஃப்ட்டில் இறங்கினார்கள். மூன்றாம் மாடியைத் தாண்டும்போது முப்பத்தாறுக்குப் பழைய ஆள் ஒருவர் நினைவுக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் தன் லிஃப்ட்டைத் தானே குறை சொன்ன ஒரே கட்டடக்காரர். கயிறு தேய்ந்துவிட்டது, கதவு கடிக்கிறது, ராத்திரியில் பேய் ஏறி இறங்குகிறது என்று நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் லிஃப்ட் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. விசாரித்ததில், ஐந்தாம் மாடியில் இருந்த அவர் வீட்டுக்கு மாமனாரும் மாமியாரும் வந்து தங்குவதாக இருந்தார்களாம். லிஃப்ட் ஓடாவிட்டால் வர மாட்டார்கள்.

கீழ்த்தளம் வந்து கதவு திறந்தது. அவர் இறங்கவில்லை.

"ஏம்மா. ரெண்டு பேரும் ஏன் அவங்கவங்க ஊரையே..."

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

"பெஞ்சு ஈரம்னு சொன்னாளே, அப்பவே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"பென்சிலைச் சீவி வச்சுக்கிட்டு அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க." பெட்டியைத் தூக்கினாள். "அவளுக்கு ரெண்டு ரூம், நாலு பேரு. இவனுக்கு ஒரே ரூம். யாரைக் குத்தம் சொல்றது?"

வாசலில் லாரி டிரைவர் காத்திருந்தார். "எந்த ஊருங்கய்யா?"

இரண்டு ஊருக்கும் பாதித் தூரம் ஒரே சாலை. "கிளம்புங்க. சாலை பிரியற இடத்துல கூப்பிடுங்க, சொல்றேன்," என்றார்.

வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். மகளைக் கூப்பிட்டார், லைன் பிஸி. மகனைக் கூப்பிட்டார், அதுவும் பிஸி. மறுபடியும் அப்படியே. ஒருவரோடொருவர்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்கு டிரைவர் கூப்பிட்டார். "சாலை பிரியுதுய்யா. இடதா, வலதா?"

அவர் படிவத்தைப் பார்த்தார். ஒரு கட்டம்கூடக் காலியில்லை.

"முப்பத்தேழாவதா ஒண்ணு போடுங்க," என்றாள் வீட்டம்மா மெதுவாக. "நாம போய் நின்னா எந்த வீட்டுல முகம் கம்மியா வாடும்?"

"ஒரு டீ குடிச்சுட்டுக் கூப்பிடுங்க," என்றார் ஃபோனில்.

"குடிச்சுட்டுத்தான்யா கூப்பிடறேன்."

"இன்னொண்ணு குடிங்க."

நாலு மணிக்குள் அந்த மனுஷன் ஒன்பது டீ குடித்திருந்தார். லாரியே டீயில் ஓடும் அளவுக்கு. பத்தாம் தடவை ஃபோன் அடித்தபோது முப்பத்தாறு கையை நீட்டவில்லை. வீட்டம்மா எடுத்தாள்.

"தம்பி, அங்க ஐஸ்கிரீம் கடை இருக்கா?"

"இருக்கும்மா. டீக்கடைக்குப் பக்கத்துலயே."

"ராத்திரி எத்தனை மணி வரைக்கும்?"

"நெடுஞ்சாலைம்மா. மூடறதே இல்ல. எங்க போகணும்னு சொல்லுங்கம்மா."

அவள் ஃபோனைப் பொத்திக்கொண்டு, "ரெண்டு பேர் ஊரும் வேண்டாம், அங்கேயே தங்கிடலாமா?" என்றாள். அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது ஊருக்கு அதில் இடமே விட்டிருக்கவில்லை.