டாக்டரோட அப்பன்

என் மகள் கோகிலவாணி டாக்டர் இல்லை. நர்ஸ் படித்து, அதற்கு மேல் ஆறு மாதப் பயிற்சி முடித்து, நடுவட்டம் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் சுகாதார நிலையத்துக்கு வந்தவள். டாக்டர் வராத ஊருக்கு அவசர அவசரமாகத் தயார் செய்து அனுப்பிய ஆள். பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொடுப்பாள். பெரிய வியாதி என்றால் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுவாள். இதை அவளே நூறு தடவை சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் பழனியாண்டி காதில் போட்டுக்கொண்டால்தானே! நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் முழுக்க "எம் மக டாக்டரு" என்று தண்டோரா போட்டார். லீவு போட்டுவிட்டுக்கூட சுகாதார நிலையத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பார். அப்படி ஒரு பெருமை பிடித்த மனிதர்.

அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, "நெஞ்சு இறுக்குது ஆண்டாயி" என்றார். அந்தக் குளிரிலும் முகமெல்லாம் வேர்வை.

"கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. பஸ் வர்ற நேரந்தான்."

"மகள டாக்டரா வச்சிக்கிட்டு வெளிய போய் வைத்தியம் பாத்தா நாலு பேரு என்னா நெனப்பாங்க? அப்பனே அவள நம்பலன்னு ஆயிடும்ல?"

"உசுரு பெருசா, நாலு பேரு பெருசா?"

"சும்மா கத்தாத. அவகிட்டயே போறேன்."

எப்படியும் அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவாள் என்று நான் கொழுந்து எடுக்கப் போனேன்.

மற்றதெல்லாம் அன்று அங்கே இருந்த பக்கத்து வீட்டுப் பெண் இந்து சொல்லித்தான் தெரியும். அன்று சுகர் பார்க்கிற நாள், நல்ல கூட்டம். இவர் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னே அனுப்பியிருக்கிறார். "நீங்க போங்க. டாக்டரோட அப்பன் முந்திக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" கோகிலா ஒருமுறை எட்டிப் பார்த்தாளாம். வழக்கம்போல வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அவர் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்துவிட்டார்கள். கடைசி ஆளை அனுப்பிவிட்டு, "வாங்கப்பா, சாப்பிடலாம்" என்று அவள் தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். டீ எல்லாருக்கும் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலாவும் அழவில்லை.

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல அவரு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஒனக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுன்னுதான் புள்ள."

தலையை ஆட்டினாள். கருமாதி முடிந்ததும் வேலைக்குப் போனாள்.

இப்போது தினமும் கதவைத் திறந்ததும் வாசலில் நின்று, "யாருக்காச்சும் நெஞ்சு வலி, மூச்சு முட்டல் இருக்கா? இருந்தா மொதல்ல வாங்க" என்று கேட்கிறாள். நேற்று அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் என் முன்னாலும் நின்றாள்.

"ஒங்களுக்கு ஏதாச்சும் பண்ணுதாம்மா?"

"ஒண்ணுமே பண்ணல."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் போனதிலிருந்து எனக்கு எதுவுமே உறைப்பதில்லை. அவள் நம்பவில்லை. என் கையைப் பிடித்து, அத்தனை பேரையும் தாண்டி, முதல் ஆளாக உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.