எங்கே துளைப்பது?

சாலை சரியாக இருக்கிறதென்று கையெழுத்துப் போடாவிட்டால் மாற்றல். காண்ட்ராக்டர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். இளம் இன்ஜினீயரின் முகம் பேயறைந்தது போல் இருந்தது.

புதுத் தார்ச்சாலை நான்கு அங்குலக் கனம் இருக்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு துளை போட்டு அளப்பது அலுவலக வழக்கம். அந்த இடங்களில் மட்டும் காண்ட்ராக்டர் தாராளமாகத் தாரைக் கொட்டியிருந்தார். இன்ஜினீயருக்குச் சந்தேகம்தான், ஆனால் இஷ்டப்பட்ட இடத்தில் துளைக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

அன்று சாலையை அளந்து பார்க்கும் வார்டு கூட்டம். தெருவே கூடி நின்றது. மூன்று துளைகள். மூன்றிலும் நான்கு அங்குலம்.

"அப்புறம் என்ன, முடிச்சிடலாமே!" வார்டு கவுன்சிலர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இருங்க. தெருக்காரங்க காட்டுற இடத்துலயும் ஒரு துளை போடணுமே. போன வருஷம் நகராட்சியில நீங்கதானே ஓட்டுப் போட்டு அந்த விதியைக் கொண்டு வந்தீங்க?"

கேட்டவர் தையற்கடைக்காரம்மா. இன்ஜினீயரின் சொந்த அக்கா.

காண்ட்ராக்டர் சிரித்தார். "அக்காவும் தம்பியும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்களா?"

"சரி, நான் காட்டல. தெரு காட்டட்டும்."

அவ்வளவுதான். "என் வாசல்ல போடு!" "வளைவுல போடு, அங்கதான் என் வண்டி குதிக்குது!" ஆளாளுக்குக் கத்தினார்கள். நகராட்சி எழுத்தர் அசரவில்லை. கை தூக்கச் சொல்லி எண்ணினார். வளைவு ஜெயித்தது.

கருவி இறங்கியது. வெளியே வந்த தார்க்கட்டி ஒன்றரை அங்குலம்.

"நான் கோட்டுக்கு வைக்கிற உள்துணியே இதைவிட கனம்!" என்றார் அக்கா. தெரு குலுங்கிச் சிரித்தது.

காண்ட்ராக்டர் கவுன்சிலரைப் பார்த்தார். கவுன்சிலர் கூட்டத்தைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் தேர்தல். "உள்ளதை உள்ளபடி எழுதுங்க," என்றார் எழுத்தரிடம். எழுத்தர் ஒரு வரி விடாமல் எழுதி, தீர்மானத்தை உரக்கப் படித்தார்: முழுச் சாலையையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். வந்திருந்த தொண்ணூறு பேரும் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்.

காண்ட்ராக்டர் இன்ஜினீயரின் காதருகே வந்தார். "உனக்கு மாற்றல் நிச்சயம்."

காலையிலிருந்து முதல் முறையாக இன்ஜினீயர் சிரித்தார்.

"என்னை மாத்தி என்ன பிரயோஜனம்? வேண்டாம்னு சொன்னது நான் இல்லையே. முடிஞ்சா இந்தத் தொண்ணூறு பேரையும் மாத்திப் பாருங்க."

திங்கட்கிழமை, சாலையைப் பெயர்க்க லாரி வந்தது.