போர்டு டாக்டருது, கை மச்சானுது

கரையான்சாவடி மெயின் ரோட்டில் பல் டாக்டர் மைதிலியின் கிளினிக். அன்று காலை நாற்காலியில் சாய்ந்திருந்தவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்யும் நாகம்மாள். ஏதோ ஒரு கடையில் பக்கத்துப் பல்லோடும் ஈறோடும் சேர்த்து ஒட்டிவிட்ட பொய்ப்பல்லால் சீழ் பிடித்து, அவள் கன்னமே வீங்கிவிட்டது. மைதிலி பொய்ப்பல்லை அறுத்து எடுத்துப் பஞ்சை அடைத்த நேரம், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான் ஜெகதீஷ். அவனுக்கென்று பதவி எதுவும் கிடையாது. கட்சிக்காரர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வான். அதற்கே அந்த மிடுக்கு!

“இன்னா டாக்டரம்மா, யோசிச்சீங்களா? நம்ம மச்சான் பல்லு கட்றதுல கில்லாடி. படிப்புதான் இல்ல. போர்டும் ரிஜிஸ்டர் நம்பரும் உங்களுது, கை அவனுது. சாயங்காலத்துல இங்க குந்தட்டும். உங்க லைசென்ஸ் புதுப்பிக்கணும்ல? செக்கிங் வர்ற ஆபீசரு நமக்கு வேண்டப்பட்டவரு.”

லைசென்ஸ் போனால் கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான். “யோசிச்சுச் சொல்றேங்க” என்றாள் மைதிலி. பாவம், அவன் வரும்போதெல்லாம் இதே பதில்தான்.

நாகம்மாள் பஞ்சைத் துப்பினாள். “எந்த மச்சான்? மார்க்கெட்டாண்ட கடை வச்சிகினு கீறானே, அவனா? அடப்பாவி! இந்தப் பல்ல ஒட்டுனதே அவன்தான்யா! இந்த டாக்டரம்மா பேரச் சொல்லிகினு இன்னும் எத்தினி பேர் வாயப் புண்ணாக்கப் போறான்?”

ஜெகதீஷுக்கு முகம் செத்துவிட்டது. மைதிலி தட்டில் கிடந்த பொய்ப்பல்லைப் பார்த்தாள். வெட்கமும் கோபமும் பொத்துக்கொண்டு வந்தன.

“வெளிய போங்க. செக்கிங் வரட்டும். ஊசியிலேருந்து ரத்தப் பஞ்சக் கழிச்சுப் போடுறது வரைக்கும் இங்க எல்லாம் சட்டப்படிதான் இருக்கு. வர்ற ஆபீசர்கிட்ட இந்தப் பல்லையும் காட்டுவேன்.”

சொன்னபடி காட்டினாள். நாகம்மாளும் கூடவே நின்று புகார் கொடுத்தாள். வந்த அதிகாரியோ, “ஜெகதீஷா? யார் அது?” என்று கேட்டாரே பார்க்கலாம்! மைதிலியின் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. மச்சான் கடைக்குச் சீல் விழுந்தது.

சேதி கேட்ட நாகம்மாள் ஸ்வீட் பாக்ஸோடு ஓடி வந்தாள். “கெலிச்சிட்டோம்மா! இத அவன்கிட்ட மொதல்லயே சொல்லிருந்தா இன்னாம்மா?”

மைதிலி வாய்விட்டுச் சிரித்தாள். “சட்டம் என் பக்கம்தான் இருந்துச்சு நாகம்மா. தெனம் எல்லாரையும் ‘வாயத் தொறங்க’ன்னு சொல்ற நான், என் வாய மூடிக்கிட்டு இருந்தேன். நாம வாயத் தொறந்தாத்தான் சட்டத்துக்குக் காது கேக்கும்!”