மேட்டுக்கு ஏறிய மண்ணெண்ணெய்

கெலிஓயாவில் உம்மு குல்சும் ஆன்ட்டியின் கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை அடிக்கத் தொடங்கி இருபத்திரண்டாவது நாள் என்னை அங்கே அனுப்பினார்கள். இருபத்திரண்டுதானா என்று அவரிடம் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். நான் கண்டியில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பில் நிலத்தடி நீர் பற்றிப் படிக்கிறேன். தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை இது என்பதால் எதையும் ஒரு தடவை மட்டும் கேட்க எனக்குத் துணிவில்லை.

ஆன்ட்டி தினமும் விடிய முன்னர் அறுநூறு இடியப்பம் அவித்து இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர். வாடை வந்த பிறகு இரண்டு கடையும் நிறுத்திவிட்டன. தண்ணீர் சரியாகும் வரை அவருக்கு வேலை இல்லை. ஒழுங்கையின் மேல்புறத்தில் மஹ்மூத் முதலாளியின் பெட்ரோல் ஷெட் இருந்தது. அங்கே நிலத்துக்கடியில் மண்ணெண்ணெய்த் தாங்கியும் ஒன்று உண்டு. அது ஓட்டையாகிவிட்டது என்று ஆன்ட்டி ஒழுங்கையின் கடைசி வீடு வரை போய்ச் சொல்லி முடித்திருந்தார். தாங்கியைத் தோண்டி எடுப்பதென்றால் ஷெட்டை இரண்டு மாதம் மூட வேண்டும். பரிசோதனை அப்படிச் சொன்னால் மூடுகிறேன், அதுவரை அந்த மனுசியின் வாயை யாராவது மூடுங்கள் என்றார் முதலாளி.

திங்கட்கிழமை நானும் கறுப்பையா அண்ணனும் நான்கு துளைகள் போட்டோம். எங்கள் கூடத்தில் துளை போடும் கறுப்பையா அண்ணன் புசல்லாவைக்காரர். இரும்புத் திருகியைக் கையால் சுழற்றியே மூன்று மீற்றர் இறக்கக்கூடியவர். முதல் துளை ஷெட்டின் பின்மதிலுக்கு வெளியே, இரண்டாவது நடுவில், மூன்றாவது கிணற்றடியில். நான்காவதை ஷெட்டுக்கும் மேலே, மேட்டில் போட்டோம். எண்ணெய் சரிவில்தான் இறங்கும். ஆகவே மேட்டுத் துளையின் தண்ணீர் சுத்தமாக இருக்கும், மற்றவற்றை அதோடு ஒப்பிடலாம். துளைகளில் பைப்பை இறக்கித் தண்ணீர் தெளிவதற்காக இரண்டு நாள் விட்டோம். மூடிகள் கொண்டுவர மறந்துவிட்டேன். பட்டியலில் எழுதியிருந்தேன், ஆனால் பட்டியலைப் பார்க்கவில்லை. தயிர்க் கோப்பைகளைக் கவிழ்த்து வைத்தோம்.

புதன்கிழமை வந்து பார்த்தால் நான்கிலும் மண்ணெண்ணெய் மிதந்தது. எல்லாவற்றையும்விட அதிகமாக மேட்டில். நான்காவது துளையில் கண்ணாடிக் குழாயை மூன்று தடவை இறக்கி அளந்தேன். மூன்று தடவையும் ஒரே அளவு.

“எண்ணெய்க்கு மேட்டுப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்க போல மிஸ்,” என்றார் கறுப்பையா அண்ணன்.

வியாழன் மாலை வகுப்பில் விரிவுரையாளரிடம் கேட்டேன். இப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் நிலத்தைச் சந்தேகிக்கக்கூடாது, உன்னைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். அது எனக்கு நன்றாக வரும். போத்தல்களின் இலக்கங்களை மாற்றி ஒட்டினேனா, குழாயைக் கழுவினேனா, மேடு என்று நான் நினைத்தது உண்மையிலேயே மேடுதானா என்று இரவு முழுவதும் யோசித்தேன்.

வெள்ளி காலை தண்ணீர் நிரப்பிய நீண்ட ரப்பர் குழாயைப் பிடித்து உயரத்தை மறுபடியும் அளந்தோம். மேடு மேடுதான். ஷெட்டைவிட நான்கு மீற்றர் உயரம். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி ஒரு போத்தலோடு மூச்சுவாங்க ஏறி வந்தார். எங்களுக்குத் தேநீர் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். அவர் தயிர்க் கோப்பையை எடுத்தார், போத்தலில் இருந்ததில் பாதியைத் துளைக்குள் ஊற்றினார், கோப்பையை முன்போலவே கவிழ்த்தார்.

என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

“லாம்பெண்ணெய் தான் மகள். குழில தண்ணி ஈக்கு. தண்ணி ஈந்தா நுளம்பு வரும். நுளம்பு வந்தா பீ.எச்.ஐ. மாத்தயா வருவார். தோண்டின நீங்க கண்டில ஈப்பீங்க, கோட்டுக்குப் போறது நான் தானே?”

போன வருடம் ஒரு சிரட்டையில் நுளம்புக் குடம்பி கிடந்ததற்காக அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். டெங்குப் பரிசோதனை வருகிறது என்று செவ்வாய் கேள்விப்பட்டதும் நான்கு துளைக்கும் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். பீ.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் மேலிருந்து இறங்கி வருபவர், அவர் கண்ணில் முதலில் படுவது மேட்டுத் துளை. ஆகவே அதற்கு இரண்டு மடங்கு.

“கிணத்துக்கும் ஊத்தினீங்களா ஆன்ட்டி?”

“குடிக்கிற தண்ணிக்கு ஊத்த எனக்கென்ன பைத்தியமா? கிணத்துல நுளம்புக்கு மீன் விட்டீந்த. அதுவும் செத்துப் போன, மஹ்மூத் நாநாட ஷெட்டால.”

வேறு எங்கே ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். குசினிக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தைக் காட்டினார். இரண்டு மாதமாக வெள்ளிக்கு வெள்ளி ஒரு போத்தல். பள்ளத்திலிருந்து கிணற்றுக்கு நடந்து பார்த்தேன். நான்கு எட்டு. சந்தேகத்துக்கு மறுபடியும் நடந்தேன். நான்குதான். கறுப்பையா அண்ணன் பள்ளத்தில் திருகியை இறக்கி மண்ணை மேலே எடுத்தார். கிணற்றில் அடித்த அதே வாடை மண்ணிலும் அடித்தது.

ஆன்ட்டி மண்ணை மோந்து பார்த்தார். பிறகு, அந்த மண்ணெண்ணெயும் மஹ்மூத் நாநாவின் ஷெட்டில் வாங்கியதுதான், ஆகவே எண்ணெய் ஷெட்டிலிருந்து வந்தது என்று தான் சொன்னதில் பிழையில்லை என்றார். அதை அறிக்கையில் எழுதச் சொன்னார். நான் எழுதவில்லை.

ஷெட்டின் பின்மதிலருகே புதிதாக ஒரு துளை போட்டு, இந்தத் தடவை மூடி போட்டுப் பூட்டினேன். அதில் எண்ணெய் இல்லை. பள்ளத்து மண்ணை எல்லாம் வெட்டி மூட்டையாக அகற்றினோம். கிணற்றை மறுபடி மறுபடி இறைத்து, தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்துச் சுத்திகரிக்க அனுப்பினோம். ஆறாவது வாரம் கிணற்று நீர் சுத்தம் என்று முடிவு வந்தது. போத்தல் இலக்கத்தை நான்கு தடவை சரிபார்த்த பிறகே கடிதத்தைக் கொடுத்தேன்.

கடிதத்தை ஒருவரும் நம்பவில்லை. ஷெட் எண்ணெய் ஒழுங்கை முழுக்க மண்ணில் ஊறிவிட்டது என்று ஆன்ட்டி அவ்வளவு நன்றாக நம்பவைத்திருந்தார். அது முதலாளி காசு கொடுத்து எடுத்த கடிதம் என்றார்கள். இடியப்பத்தை யாரும் தொடவில்லை. ஷெட்டுக்கு வந்துகொண்டிருந்த ஓட்டோக்களும் வேறு ஷெட்டுக்குப் போயின.

முதலாளியைக் கூப்பிட்டு வரும்படி ஆன்ட்டி என்னைத்தான் அனுப்பினார். கிணற்றுத் தண்ணீரில் அவித்த இடியப்பத்தை அவர் எல்லோரும் பார்க்கச் சாப்பிட வேண்டுமாம். முதலாளி கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

“என்னக் கள்ளனாக்கின மனுசிட கையால நான் தின்னணுமா?”

வெறிச்சோடிக் கிடந்த ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஆன்ட்டியின் கேற்றுக்கு வெளியே கதிரை போடப்பட்டது. முதலாளி முதல் இடியப்பத்தை மூக்கருகே கொண்டுபோனபோது ஒழுங்கையில் ஓர் ஓட்டோ நின்றது, பிறகு இரண்டு. நாற்பது வருடமாக எண்ணெயோடு இருக்கும் மூக்கு அது. மோந்தார், பிய்த்தார், தின்றார். ஏழு தின்றார். ஓட்டோக்காரர் ஒருவர் பத்து கட்டச் சொன்னார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கடை ஒன்று முந்நூறு கேட்டு ஆள் அனுப்பியது. அந்தக் காலையிலும் முதலாளி கதிரையில்தான் இருந்தார். சம்பலுக்கு உப்புப் போதாது என்றார்.

“தண்ணிக்குச் சாட்சி சொல்லத்தான் கூப்பிட்ட நாநா,” என்றார் ஆன்ட்டி, அடுத்த தட்டை இறக்கியபடி. “சம்பலுக்கு நான் சாட்சி கேக்கல்ல.”