மடித்துக் கட்டிய முண்டு

பிசியோதெரபி செய்ய வரும் ஜஸ்னா என் கணவருக்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் இந்தத் தடவை அறுபதுக்குக் கீழே போனால், கேரளத்துப் பையனூர் வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவரும் பெங்களூர் வந்துவிட வேண்டும் என்று மகள் ஷைமா முடிவாகச் சொல்லிவிட்டாள். அவள் ஃபிளாட்டில் நான் வைத்த கறிவேப்பிலைச் செடியே பிழைக்கவில்லை. நாங்கள் எங்கே பிழைப்பது?

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு, பவித்ரேட்டனுக்கு, வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அதற்காக நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஜஸ்னா கேட்கக் கேட்கப் பெருமையாகவே பதில் சொன்னேன். சோறு ஊட்டுவது நான். குளிப்பாட்டுவது நான். முண்டு கட்டிவிடுவதும் நான்தான், கால் தடுக்காமலிருக்க முழங்காலுக்கு மேலே மடித்து. அவள் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் போட்டுக்கொண்டே போனாள்.

அவரால் முடியாது என்று நான் சொல்லவில்லையே என்றேன்.

"முடியுமாங்கறது கேள்வியே இல்ல சேச்சி. செய்றாரா? எல்லாத்தையும் நீங்கதான செய்றீங்க."

நான் செய்த பணிவிடையே எங்களை ரயிலேற்றிவிடும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவருடைய அண்ணன் நாணுவேட்டன் உள்ளே வந்தார். அண்ணன் முன்னால் முண்டை மடித்துக் கட்டி நிற்க இவருக்கு இந்த வயதிலும் துணிச்சல் கிடையாது. இடது கையால் சுவரைப் பிடித்து எழுந்தார். மடிப்பை இழுத்துக் கீழே விட்டது வலது கை.

ஜஸ்னா எழுதுவதை நிறுத்தினாள்.

"சேச்சி, ஒரு வாரம் உங்க கையக் கட்டிப் போடுங்க. திங்கக்கிழமை வந்து மறுபடி மார்க் போடறேன்."

அந்த ஒரு வாரம் எனக்குத்தான் பத்தியம். மீன்குழம்பு மடியில் கொட்டியது, சட்டைப் பொத்தான் மாறிப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாணுவேட்டனைத் தினமும் காலையில் வந்துவிட்டுப் போகச் சொன்னது மட்டும் என் வேலை.

திங்கட்கிழமை எழுபது வந்தது. போனில் ஷைமாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷத்தில் அழுதாள்.

நாணுவேட்டன் படியிறங்கியதும் பவித்ரேட்டன் குனிந்து, இரண்டு கையாலும் முண்டை மடித்துக் கட்டிக்கொண்டார். கோணல்தான்.

"என்ன சௌமினி பாக்குற? சாயா எங்க?"

ஊற்றி மேஜையில் வைத்தேன். எடுத்துக் கொடுக்கவில்லை.